கடலைக்காட்டு விளக்கு

சண்முகவேல் சாப்பிட உட்காரும்போதுதான் வேலுத்தாய் அதைப் பார்த்தாள். அவன் வலது கையின் மூன்று விரல்களில் சாம்பல் வெள்ளையாக ஒரு மினுமினுப்பு இருந்தது.

சிவகாசிப் பக்கம் பிறந்த பெண்ணுக்கு அந்த மினுமினுப்பை யாரும் விளக்கத் தேவையில்லை. மத்தாப்பும் பூச்சட்டியும் வெள்ளையாகப் பூப்பது அலுமினியப் பவுடரால்தான். வெடிமருந்து கலக்கிறவன் கையில் அது ஏறிவிட்டால் சோப்பு போட்டாலும் சீயக்காய் போட்டாலும் ரேகைக்குள் மூன்று நாள் கிடக்கும். பதினோரு வருடம் இவள் புருஷன் அந்தக் கையோடுதான் வீட்டுக்கு வந்தான்.

“கையில என்னது?”

“பூச்சி” என்றான் அவன். “ராத்திரி வெளக்குக்கு வந்துச்சு. பொறுக்கிப் போட்டேன். தண்ணி ஊத்து, களுவிக்கிறேன்.”

செம்பைச் சாய்த்தாள். ஒரே தண்ணீரில் கை சுத்தமாகிவிட்டது. நியாயமாக அவளுக்கு அங்கேயே நிம்மதி வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது? விடியற்காலையிலேயே புளி போட்டுத் தேய்த்திருக்கிறான், தேய்த்தது போக மிச்சம்தான் இது என்று முடிவு கட்டிக்கொண்டு சோற்றைப் போட்டாள்.

அவளையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அவளுடைய தம்பி காளிராஜ் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டு கட்டி, அதில் ராத்திரி முழுக்க பல்பு எரியவிட்டான். எதுக்குடா என்று கேட்டதற்கு, “குஞ்சுகளுக்குச் சூடு வேணும்லக்கா” என்றான். இவளும் நம்பினாள். கூண்டுக்குள் அவன் ஏஜென்டிடம் மருந்து வாங்கித் திருட்டு வெடி சுற்றிக்கொண்டிருந்தது, ஒரு ராத்திரி வெடித்துக் கூண்டும் அவனும் இல்லாமல் போன பிறகுதான் தெரிந்தது. அங்கே ஒரு கோழி இறகுகூடக் கிடக்கவில்லை.

தம்பியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று புருஷனிடம் சொன்னாள்: “இனிமே நீங்க மருந்தக் கையால தொட்டா, அன்னைக்கே நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்.” சண்முகவேல் பட்டாசு கம்பெனி வேலையை விட்டான். முதலாளி ராஜபாண்டியன் ஆள் மேல் ஆள் அனுப்பியும் போகவில்லை. இரண்டு குறுக்கம் மானாவாரி நிலத்தில் கடலை போட்டான். வேலுத்தாய் மட்டும் அதே கம்பெனியில் பேக்கிங் பார்த்துவந்தாள். முதல் வருடக் கடலையைக் கம்பளிப்புழு தின்றது. அரசாங்கம் ஊருக்கெல்லாம் கலர் டிவி கொடுத்தது அதற்கு அடுத்த வருடம். அந்த வருட ஆடியில்தான் இந்த விளக்கு வந்தது.

காட்டின் நடுவே மூன்று கம்புகளை முக்காலி போல நட்டு, உச்சியில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டிருந்தான். பல்புக்குக் கீழே பழைய பிளாஸ்டிக் தொட்டி. அதில் தண்ணீர், தண்ணீருக்கு மேல் கொஞ்சம் ரேஷன் மண்ணெண்ணெய். ஒரு பக்கமாகத் தன் கல்யாண வேட்டியைத் திரை மாதிரி கட்டியிருந்தான். பக்கத்து எலுமிச்சைத் தோட்டம் ராஜபாண்டியனுடையது. அவரிடம் கேட்டு, அந்த மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்திருந்தான். ரேடியோவில் சொன்னார்களாம். மழை பெய்ததும் மண்ணுக்குள்ளிருந்து அந்துப்பூச்சி கிளம்புமாம், முட்டை போடும் முன்னால் வெளிச்சம் காட்டி இழுத்துவிட்டால் புழுவே வராதாம்.

“பூச்சிக்குப் பயந்து நாங்கல்லாம் வெளக்க அணைப்போம். நீங்க காட்டுக்குள்ள வெளக்கப் போட்டு வாங்க வாங்கன்னு கூப்புடுறீக” என்றாள் வேலுத்தாய்.

“வரட்டும். அதுக்குத்தான்” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. காளிராஜும் இப்படித்தான் சிரித்தான்.

தீபாவளி சீசன் சூடு பிடிக்கும் நேரம் அது. ஏஜென்ட் மொக்கைச்சாமி டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஊர் ஊராகப் போய், வீட்டிலேயே திருட்டு வெடி சுற்ற ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை அந்த வண்டி தன் புருஷனுக்குப் பக்கத்தில் நின்றதை அவள் பார்த்தாள். புதன்கிழமை விரலில் மினுமினுப்பு. இரண்டையும் முடிச்சுப் போட அவளுக்குப் பொழுது ஆகவில்லை. மற்ற பெண்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நேரத்தில் இவள் கொல்லைப்புறத்தில் நின்று கடலைக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டுக்குள் வேட்டி மட்டும் சதுரமாக வெளிச்சமாய்த் தெரிந்தது. அதில் அவன் நிழல். நிழலின் கை எதையோ எடுத்தது, போட்டது, மறுபடி எடுத்தது, போட்டது. வெடிக்குழாயில் மருந்து அடைக்கிறவன் கை அப்படித்தான் போய்வரும்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் நேரில் பார்த்துவிடுவது என்று புறப்பட்டாள். புறப்பட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். நைலக்ஸ் சேலையை அவிழ்த்துப் போட்டு நூல் சேலை கட்டினாள். கால் மெட்டியைக் கழற்றி மாடத்தில் வைத்தாள். செருப்பு வேண்டாம், டார்ச் லைட்டும் வேண்டாம். மருந்து இருக்கும் இடத்துக்கு உரசிப் பொறி கிளப்புகிற எதையும் கொண்டுபோகக் கூடாது என்பது பதினைந்து வயதில் கம்பெனிக்குப் போன அன்று அவள் படித்த முதல் பாடம். வரப்பில் நெருஞ்சி குத்தியது. வாய் திறக்காமல் நடந்தாள்.

வேட்டிக்கு முப்பதடி தூரத்தில் நின்றுவிட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் அவன் குனிந்திருந்தான். ஒரு குரல் கொடுத்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் மருந்து கலக்கிறவனை முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது. திடுக்கிட்டுக் கை ஒருமுறை அழுந்தினால் போதும், கூப்பிட்டவளும் மிஞ்ச மாட்டாள். அப்படிக் கூப்பிட்டு உயிரை விட்டவர்களை அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். அதனால் புருஷனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினாள். இன்னும் பத்தடி போயிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

மாடத்தில் வைத்த மெட்டியை எடுத்துப் போடத் தோன்றவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அவன் பக்கத்தில் படுத்து நிம்மதியாகக் குறட்டை விட்டான். எழுப்பிக் கேட்கலாமா என்று பார்த்தாள். கேட்டால் பூச்சி என்பான். சத்தியம் செய்யச் சொன்னால் செய்வான். காளிராஜும் செய்தவன்தான்.

காலையில் கம்பெனிக்குப் போனதும் நேராக ஆபீஸ் அறைக்குப் போய் ராஜபாண்டியன் முன்னால் நின்றாள்.

“மொதலாளி, எங்க காட்டுக்கு ஒயர் குடுத்திருக்கீகல்ல, அதப் புடுங்கிருங்க.”

“ஏம்மா? பூச்சி புடிக்கன்னு சொன்னானே.”

“பூச்சி இல்ல மொதலாளி.” தன் விரல்களைத் தேய்த்துக் காட்டினாள்.

அந்த ஊரில் அதற்கு மேல் சொல்லவும் வேண்டியதில்லை. ராஜபாண்டியன் முகம் வெளுத்துவிட்டது. “என் கரண்டுல நடந்தா என் லைசென்சுதானம்மா போகும். நீ போய் வேலயப் பாரு. நீ சொன்னதா வெளிய வராது.”

அன்று மத்தியானம் வானம் கறுத்தது. நாலு மணிக்குப் பிடித்த மழை ஆறு மணிக்கு விட்டது. அவள் வீட்டுக்கு வந்தபோது சண்முகவேல் புது மாப்பிள்ளை மாதிரி அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தான். “இன்னைக்குத்தான் வேலு. இந்த மளைக்குத்தான் மொத்தமும் மண்ணவிட்டுக் கெளம்பும்” என்று சொல்லிவிட்டு ஓடினான்.

ஏழு மணிக்கு விளக்கு எரிந்தது. ஏழேகாலுக்கு அணைந்தது. தெருவில் டிவி சத்தம் நிற்கவில்லை, கரண்ட் போகவில்லை. தோட்டத்துக் காவல்காரர் மோட்டார் ரூமைப் பூட்டும் சத்தம் கேட்டது. இனி அவன் இருட்டில் தடவப்போகிறானே, கை தவறிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் அப்போதுதான் வந்தது. கால் போன போக்கில் ஓடினாள்.

அவள் போய்ச் சேரவும், அவன் மடியிலிருந்து தீப்பெட்டியை எடுக்கவும் சரியாக இருந்தது.

“கிளிக்காதீக” என்று அலறினாள்.

குச்சி பற்றிக்கொண்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் தீக்குச்சியைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வேட்டி முழுக்க வெள்ளை அந்துப்பூச்சிகள். தொட்டித் தண்ணீரே தெரியாமல் பூச்சி மிதந்தது. அவள் தோளில், கூந்தலில், கையில் வந்து மோதியது. தட்டிவிட்ட விரலைக் குச்சி வெளிச்சத்தில் பார்த்தாள். சாம்பல் வெள்ளையாக மினுமினுத்தது.

சண்முகவேல் மெட்டியில்லாத அவள் கால்களைப் பார்த்தான். மருந்து ரூமில் பதினோரு வருடம் இருந்தவனுக்கு அது போதுமாக இருந்தது.

“நான் மருந்து கலக்குறேன்னு நெனச்சியா?”

அவள் மினுமினுத்த விரலைச் சேலையில் துடைத்தாள்.

“பூச்சின்னு சொன்னேன்ல.”

“அவனும் கோளிக்குஞ்சுன்னுதான சொன்னான்” என்றாள். அழுகை வந்துவிட்டது. அழுதபடியே முதலாளியிடம் போய்ச் சொன்னதையும் சொன்னாள்.

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். “மொக்கைச்சாமி வந்து கேட்டான். மாட்டேன்னு அனுப்பிட்டேன். அதச் சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லல” என்றான். குச்சி விரல் வரை எரிந்து அணைந்தது.

மறுநாள் அவள் முதலாளி முன்னால் கும்பிட்டு நின்றாள். பூச்சிதான், கண்ணால் பார்த்தேன் என்றாள்.

“நேத்து ஒண்ணு சொல்ற, இன்னைக்கு ஒண்ணு சொல்ற” என்றார் ராஜபாண்டியன். “புருஷனக் காப்பாத்தப் பாக்குற. பூச்சியோ மருந்தோ, என் கரண்டுல இனிமே அங்கன வெளக்கு எரியாது.” அவள் வாசல் வரை போனதும் கூப்பிட்டார். “கலவைக்கு ஆள் இல்லாமத் தவிக்கிறேன். சும்மாதான இருக்கான், வரச் சொல்லு.”

அவர் நிஜமாகவே பயந்துதான் பூட்டினாரா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. பிறகு, தன் சந்தேகத்தின் லட்சணம்தான் தெரிந்ததே என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

மூன்று ராத்திரி இருவரும் லாந்தர் விளக்கை வைத்துப் போராடினார்கள். லாந்தர் வெளிச்சத்துக்கு நூறு பூச்சி வந்தால் ஆயிரம் பூச்சி இருட்டில் செடி செடியாக உட்கார்ந்தது. இலையைத் திருப்பினால் கேழ்வரகு தூவினாற்போல முட்டை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வேலுத்தாய் வெயிலில் குந்தி இலை இலையாகக் கிள்ளினாள். இரண்டு குறுக்கத்தில் எத்தனை இலையைக் கிள்ள முடியும்? பதினைந்தாம் நாள் காட்டில் வெறும் காம்புதான் நின்றது. தின்று முடித்த புழுக்கள் ரோட்டைக் கடந்து வீட்டுச் சுவர் வரை வந்தன.

ஆவணி முதல் திங்கட்கிழமை சண்முகவேல் பழைய காக்கி டவுசரை எடுத்து உதறினான். “சீசன் முடியிற வரைக்குந்தான்” என்றான். இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொன்னவள் வாயே திறக்கவில்லை. அதைச் சொல்லும் உரிமையை யார் கெடுத்தது என்று அவளுக்குத் தெரியும். தூக்குவாளியில் சோறு கட்டிக் கொடுத்தாள்.

சாயங்காலம் வந்து தட்டுக்கு முன்னால் கையை நீட்டினான். வேலுத்தாய் செம்பைச் சாய்த்தாள். ஒரு செம்பு, இரண்டு செம்பு. மூன்றாவதற்கு அவன் விரல்களைத் தன் கையில் பிடித்து, முந்தானையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

“விடு வேலு” என்றான் அவன். “இது போகாதுன்னு ஒனக்குத் தெரியாதா?”