டயருக்குப் போட்ட ஏழு தையல்

டாக்டரம்மாவின் சட்டைக் கையைப் பார்த்ததுமே மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது, இது வேலிக் கம்பி கிழித்த கிழிசல் இல்லை என்று. கம்பி மாட்டினால் துணி மூலையாகக் கிழிந்து தொங்கும். இதிலோ முழங்கைக்குக் கீழே துணி தேய்ந்து, பஞ்சு பஞ்சாகப் பிரிந்து, நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தையல் கடை நடத்துகிற மனுஷனிடம் அவர் மனைவி சொல்லக்கூடிய பொய்யா அது.

“எங்க விழுந்த?” என்று கேட்டார்.

“வேலியில மாட்டிக்கிச்சுன்னு சொன்னேனே.”

“வேலி இப்படிக் கிழிக்காது. இது கல்லுல இழுபட்ட துணி. கையைக் காட்டு.”

காட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்திருந்தது. அதன் மேல் ஊதா நிறத்தில் ஏதோ பூசியிருந்தாள்.

“இது ஆட்டுக்குப் போடுற மருந்து இல்ல?”

“பையில அதுதான் இருந்துச்சு. எந்த ஆடும் இதுவரைக்கும் குறை சொன்னதில்லையே.”

அவர் சிரிக்கவில்லை. வாசலுக்குப் போய் வண்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

அவள் கால்நடை டாக்டர். மேட்டு நிலத்தில் சிதறிக் கிடக்கும் ஆட்டுப் பட்டிகளுக்குப் போவதுதான் அவள் வேலை. அங்கே ரோடு கிடையாது, தடம்தான். அதற்காக அலுவலகம் கொடுத்திருந்த வண்டிக்கு பைக் மாதிரி கைப்பிடி, நீளமான சீட்டு, நாலு கொழுத்த சக்கரம். காகிதத்தில் அதற்கு எல்லா நிலத்துக்குமான வாகனம் என்று பெயர். மற்றபடி எல்லோருக்கும் அது ‘தவளை’. அந்தத் தவளையின் பின் டயர்களை மாஸ்டர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். தரையைப் பிடிக்கிற ரப்பர் பட்டன் எல்லாம் தேய்ந்து, சில இடங்களில் வெறும் வழவழப்பாக இருந்தது.

“இறக்கத்துல பின்பக்கம் வழுக்கிடுச்சு,” என்றாள் அவள், கதவில் சாய்ந்தபடி. “மெதுவாத்தான் வந்தேன். நீங்க பயப்படுவீங்கன்னுதான் சொல்லல.”

“சொல்லாம இருந்தா மட்டும் பயப்படாம இருந்துட்டேனா. நாளைக்கு டயர் கடைக்குப் போறோம்.”

டயர் கடைக்காரரை எல்லோரும் ‘சுருக்கம்’ என்று கூப்பிடுவார்கள். பெரிய உடம்பு, சின்னப் பேச்சு. அவர் மூன்று டயர்களை உருட்டி வந்து சுவரோரம் சாய்த்து வைத்தார். முதலாவதில் பட்டன்கள் ஒரு விரல் உயரம், நடுவில் அகலமான இடைவெளி. சேற்றை வாரி எறிந்துவிட்டு ஏறும். இரண்டாவதில் பட்டன்கள் சின்னதாக, நெருக்கமாக. அதன் பக்கவாட்டை மாஸ்டர் அமுக்கினார். கொஞ்சமும் அசைந்து கொடுக்கவில்லை. கூரான கல்லுக்குத் தாங்குகிற மாதிரி அடுக்கு அடுக்காகத் துணி வைத்துச் செய்தது என்றார் சுருக்கம். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

“தரை எப்படி?” என்று கேட்டார்.

“சேறு,” என்றாள் டாக்டரம்மா.

“கல்லு,” என்றார் மாஸ்டர், அதே நேரத்தில்.

அவள் திரும்பிப் பார்த்தாள். “நீங்க என்னைக்காவது மேல வந்திருக்கீங்களா?”

அவள் இந்த வேலைக்கு வந்த பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் போனதில்லை. கடையை விட்டு வர முடியாது என்பது சொல்லிக்கொண்ட காரணம். ஆடு, மாடு, நாய், கோழி எல்லாவற்றுக்கும் அவர் பயப்படுவார் என்பது சொல்லாத காரணம்.

“கை முழுக்கக் கல்லு இழுத்த காயம். அதைப் பாத்தா தெரியாதா?” என்றார் விட்டுக்கொடுக்காமல்.

சுருக்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சேர்ந்து போய்ப் பாத்துட்டு வாங்க. டயர் எங்கயும் ஓடிடாது.”

அந்த வியாழக்கிழமை மாஸ்டர் கடையைச் சாத்தினார். தேய்ந்த டயரில் செங்குத்தான பக்கம் போக வேண்டாம், கீழ்த் தடத்தில் இருக்கிற பட்டிகளை மட்டும் பார்க்கலாம், அதுவும் மெதுவாக என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். அவர் பின்னால் உட்கார்ந்து, மருந்துப் பெட்டியை ஒரு கையாலும் அவளை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

தடம் பதினாலு கிலோமீட்டர். அவர் சொன்னது சரிதான். உடைந்த தட்டுகளைக் கொட்டிவைத்த மாதிரி வழி முழுக்கக் கல். சேறு மூன்றே இடத்தில் இருந்தது, பட்டிக் கதவுகளின் முன்னால், ஆடுகள் கூடி நின்று மிதித்துக் குழப்பிய இடங்களில். ஒவ்வொன்றும் ஒரு அறையின் நீளம்கூட இல்லை. ‘பாத்தியா’ என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. அவளுடைய தோள்கள் அவர் கண்ணுக்கு நேராக இருந்தன. எத்தனையோ சட்டைக்கு அவர் அளவெடுத்த தோள்கள். கல்லில் தவளை குதித்துக் குதித்துப் போனபோது அவை தளர்வாகக் கிடந்தன. முதல் சேறு கண்ணில் பட்டதுமே ஒரு அங்குலம் மேலே ஏறின. கடந்து வந்து வெகுதூரம் போன பிறகுதான் இறங்கின. இரண்டாவது சேற்றிலும் அப்படியே.

“சேத்தைக் கண்டா உனக்கு என்ன?” என்று காதருகே கேட்டார்.

அவள் வேகத்தைக் குறைத்தாள். “போன மழையில இங்கதான் மாட்டிக்கிட்டேன். ரெண்டு மணி நேரம். நடுவுல ஓடையில வெள்ளம், நடந்தும் போக முடியல. நான் போய்ச் சேர்றதுக்குள்ள அந்தக் கடைசிப் பட்டியில தாய் ஆடும் போச்சு, வயித்துல இருந்த ரெண்டும் போச்சு. வண்டி தெரியுது, நான் தெரியறேன், அந்த ஆட்டுக்காரம்மா அங்கருந்து கையாட்டிக்கிட்டே இருந்தாங்க.”

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்ததும்தான்.

அந்தம்மாவின் பட்டிதான் கடைசி. ஒரு ஆடு ஈன முடியாமல் படுத்திருந்தது. குட்டியின் ஒரு கால் மட்டும் வெளியே வந்திருந்தது, இன்னொன்று உள்ளே மடங்கிக்கொண்டுவிட்டது.

“தலையைப் பிடிங்க,” என்றாள் டாக்டரம்மா.

“நானா?”

“இங்க வேற யாரு சும்மா நிக்கறது?”

கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்தார். ஆட்டுக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, “மாஸ்டர், அது கடிக்காது. பயமா இருந்தா அளவெடுக்கறதா நெனச்சுக்குங்க,” என்றாள். அவர் கண்ணைத் திறந்தபோது மனைவியின் கை முழங்கை வரை உள்ளே இருந்தது. அவள் எங்கேயும் பார்க்கவில்லை, விரல்களாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டில் ஊசியில் நூல் கோக்கிறபோது தன் முகமும் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தார். கொஞ்ச நேரத்தில் குட்டி நழுவி வந்து வைக்கோலில் விழுந்து தும்மியது. மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. வைக்கோல் தூசி என்று சமாளித்தார்.

திரும்பும் வழியில்தான் அது நடந்தது. இடப்பக்கப் பின் டயர் ஒரு கல்லின் விளிம்பை உரசியது, புஸ்ஸென்று சத்தம் வந்தது, தவளை ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. பக்கவாட்டில் சுண்டுவிரல் நீளத்துக்குக் கத்தி போட்ட மாதிரி வெட்டு. பெட்டியில் பஞ்சர் ஒட்டுகிற சாமான் இருந்தது. ஆனால் அதிலிருந்த ரப்பர் திரி ஆணிக் குத்துக்குத்தான் ஆகும். இவ்வளவு நீள வெட்டில் நிற்காது. போனுக்கு சிக்னல் இல்லை. வீட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர்.

இருவரும் அந்த வெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு இருவரின் கையும் ஒரே நேரத்தில் மருந்துப் பெட்டிக்குப் போனது. அதில் வளைந்த ஊசியும் தடித்த நைலான் நூலும் இருந்தன.

“குடுங்க, நான் தைக்கறேன்,” என்றாள்.

“தையல் யாரு தொழிலு?”

“இது தோல் மாதிரி. தோல் என் தொழிலு.”

“உள்ள பாரு, நூல் அடுக்கு தெரியுது. துணிதான் இது. ரப்பர் தடவின துணி.”

கடைசியில் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பஞ்சர் சாமானில் இருந்த குத்தூசியால் அவர் வெட்டின் இருபுறமும் ஒரே இடைவெளியில் துளை போட்டார். அவள் இடுக்கியால் ஊசியைப் பிடித்து இழுத்தாள். ஒவ்வொரு தையலையும் அவள் தனித்தனியாக முடிச்சுப் போடுவதைப் பார்த்து, “ஏன், தொடர்ந்து தச்சா வேகமா முடியுமே?” என்றார்.

“ஒண்ணு அறுந்தா மத்தது நிக்கணும்ல?”

அவர் தலையாட்டிக்கொண்டார். ஏழு தையல். நடுவில் இருந்த சந்துகளில் பசை தடவிய ரப்பர் திரிகளைத் திணித்தார்கள். காய்ந்ததும் கைப்பம்பால் காற்றடித்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். இரண்டு இடத்தில் சின்னச் சின்னதாகக் குமிழி வந்தது.

“கசியுது,” என்றார்.

“கசியட்டும். போய்ச் சேர்ந்துடலாம்.”

பாரம் குறையட்டும் என்று அவர் இறங்கி, சீட்டைப் பிடித்தபடி கூடவே நடந்தார். அவள் நடக்கிற வேகத்திலேயே ஓட்டினாள். மூன்று தடவை நிறுத்திக் காற்றடித்தார்கள். வழியெல்லாம் பேச்சுதான். ஹாஸ்டலில் இருக்கும் மகளைப் பற்றி, மூன்று வருஷமாகக் கடைக்குப் பெயர்ப் பலகை மாற்றாதது பற்றி, ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல் விட்ட சில்லறை விஷயங்களைப் பற்றி. பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேர்ந்தார்கள். மாஸ்டரின் செருப்பு அறுந்திருந்தது.

மறுநாள் சுருக்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தையலை வெகுநேரம் பார்த்தார்.

“யாரு தச்சது?”

“இவருதான்,” என்றாள் டாக்டரம்மா.

“துளை மட்டும் நான். தையல் அவ,” என்றார் மாஸ்டர்.

“சரி. எந்த டயரு?”

“சேத்து டயரே குடுங்க,” என்றார் மாஸ்டர். “அவ சொன்னதுதான் சரி.”

“எங்க சரி? வழி முழுக்கக் கல்லுன்னு நீங்களே பாத்தீங்களே. கல்லு டயர்தான்.”

“நீ அந்தக் கதவுகிட்ட மறுபடியும் மாட்டிக்கிட்டு நிக்கக் கூடாது.”

“பக்கவாட்டு வெட்டுப்பட்டா எந்தக் கதவுக்குமே போய்ச் சேர மாட்டேனே.”

சுருக்கம் கையை உயர்த்தினார். “எத்தனை தூரம் கல்லு?”

“பதினாலு கிலோமீட்டர்.”

“சேறு?”

“மூணு ரூம் நீளம்,” என்றார் மாஸ்டர்.

“அப்போ கல்லுக்கு டயர் வாங்குங்க, சேத்துக்கு மோட்டார் வச்ச இழுவைக் கயிறு ஒண்ணு முன்னாடி மாட்டிக்குங்க. காத்தைக் கார் டயர் மாதிரி அடிச்சு வைக்காதீங்க, கம்மியா இருந்தாத்தான் பிடிக்கும், உங்க பழைய டயர் வழுக்கினதுக்கு அதுவும் ஒரு காரணம்.” அவர் அவ்வளவு நீளமாகப் பேசி இருவரும் கேட்டதில்லை. பேசி முடித்த களைப்பில் உட்கார்ந்துவிட்டார்.

புது டயர்கள் கனமாக இருந்தன. முதல் வாரம் கைப்பிடியைத் திருப்பித் திருப்பி அவளுக்கு மணிக்கட்டு வலித்தது. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து டீ குடிப்பதைப் பார்த்து மாஸ்டர் கேட்டபோது, “வலிக்குதுங்க. ரொம்ப,” என்று உடனே சொன்னாள். அவர் பழைய ஸ்பான்ஜை வெட்டி, தோல் வைத்துத் தைத்துக் கைப்பிடிகளுக்கு உறை போட்டுக் கொடுத்தார். இரண்டாவது வாரம் வலி குறைந்தது.

மழை வந்தது. ஒரு காலையில் மாஸ்டர் தொழிற்சாலைச் சீருடைகளை வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“மாட்டிக்கிட்டேன்,” என்றாள்.

அவருக்குக் கத்திரி கையில் அப்படியே நின்றது. “எங்க? எவ்ளோ நேரமா?”

“இப்ப இல்லைங்க. வெளிய வந்து அரை மணி ஆகுது. கயித்தை ஒரு மரத்துல கட்டினேன், அதுவா இழுத்துக்கிட்டு வந்துடுச்சு. பத்து நிமிஷம்கூட ஆகல. மேட்டுக்கு வந்தாத்தான் சிக்னல்.” பின்னால் ஆடுகள் கத்தின. அவள் குரலில் இருந்த சிரிப்பை அவர் ரொம்ப நாளாகக் கேட்டதில்லை. “வர்ற வியாழக்கிழமை செங்குத்துப் பக்கம் போகணும். நிறையப் பட்டி. தலையைப் பிடிக்க ஆள் வேணும். வர்றீங்களா?”

மேஜையில் எழுபது சீருடைக்கான துணி கிடந்தது. வெளியே ஒருவர் கால்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“வர்றேன்,” என்றார் மாஸ்டர். வெளியே நின்றவரிடம், “வெள்ளிக்கிழமை வாங்க சார்,” என்றார்.