இரஞ்சிதத்தின் எல்லைக்கோடு

பிரதேச சபையிலிருந்து வந்த சாரங்கா கையிலிருந்த டேப் திரையைத் திருப்பிக் காட்டினாள். வானத்திலிருந்து எடுத்த படம். என் ஓட்டுக்கூரை, மாமரம், கோழிக்கூடு எல்லாம் தெரிந்தன. சுற்றிவர ஒரு மஞ்சள் கோடு. பக்கத்து வளவு இரஞ்சிதத்தின் பூட்டிய வீடும் கிணறும் அதே கோட்டுக்குள் கிடந்தன.

"அம்மா, இது முழுக்க உங்கட காணிதானே?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்கும் இரஞ்சிதத்துக்கும் இருபது வருட வேலிச் சண்டை என்று துணுக்காயில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வேலி அடைக்கும்போதெல்லாம் அவள் வேலிக்கு நடும் கதியால் தடியை ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளி நட்டுவிட்டாள் என்பேன் நான். நான்தான் தள்ளினேன் என்பாள் அவள். ஊர் அதிகாரி விதானையார் வந்தார், பொலிஸ் வந்தது, ஒன்றும் தீரவில்லை. என் மனுசனின் செத்தவீட்டுக்கு வந்தவள்கூட வேலியைப் பார்த்துக்கொண்டுதான் அழுதாள்.

ஐந்து வருடத்துக்கு முன் அவள் மகளோடு வவுனியாவுக்குப் போய்விட்டாள். கதியால்கள் பட்டுப்போயின. வேலி ஓலையைக் கறையான் தின்றது. பாம்பு வருமென்று இரண்டு வளவையும் நானே கூட்டினேன். அதுதான் பிழை. மேலே இருந்து பார்த்தவனுக்கு ஒரே வளவாகத் தெரிந்திருக்கிறது.

வீடு வளவுக்குச் சபை அறவிடும் சோலைவரிக்காக ஒவ்வொரு காணிக்கும் வரைபடத்தில் இலக்கம் கொடுக்கிறார்களாம். வேலி தெரிந்த இடத்தில் கோடு கீறுவார்களாம். தெரியாவிட்டால் இரண்டு பக்கத்தவரும் நின்று எல்லையைக் காட்ட வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் மற்றவர் வராவிட்டால், இருப்பவரின் பெயரிலேயே முழுவதும் பதிவாகிவிடும் என்று சொல்லிவிட்டுச் சாரங்கா போனாள்.

ஆக, நான் வென்றுவிட்டேன். ஒரு சாணில்லை, அரை ஏக்கர். சொல்லிக் கொக்கரிக்கத்தான் ஒரு சனமில்லை. அவளுடைய நாய்கூட அவளோடு போய்விட்டது.

இரஞ்சிதத்துக்குப் போன் எடுத்து விசயத்தைச் சொன்னேன்.

"எனக்கு இனி என்னத்துக்குக் காணி? முழங்காலும் ஏலாது. நீயே வைச்சிரு," என்றாள்.

ஒரு சாணுக்கு ஊரைக் கூட்டியவள்! குரலில் ஒரு துளி கோபமில்லை. இவளும் போய்விட்டால் என்னோடு சண்டை பிடிக்க இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

கத்தியை எடுத்துக் கிளுவை மரத்தில் நாலு கதியால் வெட்டினேன். அவள் இருபது வருடமாகச் சொன்ன அதே இடத்தில், ஒரு சாண் என் பக்கமாகவே நட்டேன். கையைக் கழுவிவிட்டுத் திரும்பவும் போன் எடுத்தேன்.

"இரஞ்சிதம், எல்லை போட்டாச்சு. உன்ர கிணத்துக்கு அங்கால போட்டிருக்கிறன். கிணறு இனி என்ர," என்றேன்.

அந்தப் பக்கம் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பும் சத்தம் கேட்டது.

"அடி கள்ளி," என்றாள். "கதியாலைத் தொடாதை. விடிய முதல் பஸ்சில வாறன்."

அந்தப் பழைய குரல். போனை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோசைக்கு இரண்டு பேருக்கு அளந்து உளுந்து ஊறப்போட்டேன்.