வைஸ் கவ்விய சொல்

பட்டறைக்காரர் வாயிலிருந்து 'சரி' என்ற சொல் தொலைந்துபோய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மற்ற சொற்களெல்லாம் இருந்தன, வசவுக்குக்கூடக் குறைவில்லை. 'ஆமாம்', 'ஆகட்டும்' போன்றவை மட்டும், ஒரே வளையத்தில் கோத்த சாவிகள்போல, அதனோடு சேர்ந்து போய்விட்டன. தலையாட்டப் பார்த்தால் கழுத்து பக்கவாட்டில்தான் அசைந்தது. எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். தெருவில் அதுவே அவர் பெயரானது. பாக்கலாம் என்றால் சனிக்கிழமைக்குள் வேலை முடிந்துவிடும் என்று வாடிக்கைக்காரர்கள் புரிந்துகொண்டார்கள்.

புரிந்துகொள்ளாதவள் அவர் மச்சினி. கணவன் விட்டுப்போன பிறகு அக்கா வீட்டோடு வந்திருக்க நினைத்தவள். லேத் இரைந்துகொண்டிருந்த ஒரு காலையில், துளை போட வேண்டிய இரும்புத் துண்டை மெஷின் வைஸின் இரும்புத் தாடைகளுக்கு நடுவே வைத்து முறுக்கியபடியே அக்கா தன் கணவரிடம் அதைக் கேட்டாள். அவர் தாடைகளுக்கு மேல் குனிந்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் காதில் விழவில்லை. "சொன்னேனே" என்று சாயங்காலம் சாதித்தார். திரும்பச் சொல்லச் சொன்னாள். வாய் திறந்தது, சொல் வரவில்லை. சொல்லாததைச் சொன்னதாகச் சாதிக்கிற மனிதர் என்று அவளுக்கு மனம் கசந்துபோயிற்று. தங்கை இன்னொரு ஊரில் மாடி அறையில் வாடகைக்கு இருந்துகொண்டாள். எப்போது கூப்பிட்டாலும், "மாமா வாயால சரின்னு வரட்டும், வரேன்" என்பாள். இப்போது அவளுக்கு முழங்கால் போய்விட்டது, படி ஏறி இறங்கக் கைகொடுக்க ஆள் இல்லை. பிடிவாதம் மட்டும் போகவில்லை.

அந்த வைஸும் அன்றே இறுகிவிட்டது. உடும்புப் பிடி. மூலையில் துருவேறிக் கிடந்ததைப் பழைய இரும்புக்குப் போட அக்கா தூக்கியபோது, தாடை இடுக்கிலிருந்து "ச்ச்" என்று சத்தம் வந்தது. அவள் அதை நேராக மேஜைக்குக் கொண்டுபோனாள். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தட்டித் தட்டிப் பிரித்தாள். இரும்புத் துண்டு விழுந்தது, துரு கொட்டியது, சொல் விழவில்லை. அவளுக்கு மரை கழண்டுவிட்டது என்றார்கள் பக்கத்துக் கடைக்காரர்கள்.

"புடிச்சது வைஸு. அது மறுபடி வைஸா ஆனாத்தான் விடும்" என்றாள்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். திருகின் மரை நெடுக கிரீஸ் தடவினாள். தாடை வழுக்கி ஓடும் பாதையில் மெல்லிய எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்தாள். தாடை ஆடாமலிருக்க அதன் அடியிலுள்ள தகட்டைப் பலங்கொண்ட மட்டும் இறுக்கினாள். கைப்பிடி அசையவே இல்லை. தொங்கிப் பார்த்தாள், அப்போதும் அசையவில்லை.

அவர் பின்னாலிருந்து, "விட்டுப் புடி" என்றார்.

ஒன்பது வருஷமாக எதையும் விட்டுப் பழகாதவள் அந்தத் தகட்டை மயிரிழை அளவு தளர்த்தினாள். கைப்பிடி ஒற்றை விரலுக்குச் சுழன்றது. தாடைகளை மூடித் திறந்தாள். முதலில் வந்தது அந்தக் காலையின் லேத் இரைச்சல். அடுத்து "ச" என்று தொடங்குவதற்குள் வெடுக்கென்று முறுக்கி மூடினாள். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

வைஸை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். தங்கையின் அறை வரை எங்கும் இறக்கி வைக்கவில்லை. கட்டிலில் வைத்துத் திறந்தாள். இரைச்சலுக்கு நடுவே, நரைக்காத குரல் சொன்னது: "சரி, வரச் சொல்லு."

"இது மாமாவோட பழைய குரலாச்சே."

"அன்னிக்கே சொல்லியிருக்காரு. வைஸு கவ்விக்கிச்சு."

"யாரு முறுக்கினது?"

"நாந்தான்."

தங்கை சுவரைப் பிடித்து எழுந்தாள். பிறகு பையை எடுத்தாள்.

"சரி. கையப் புடி அக்கா, படி இறங்கணும்."

அவர்கள் வந்து சேர்ந்தபோது பட்டறைக்காரருக்குச் சொல் திரும்பியிருந்தது, அந்தப் பழைய குரலிலேயே. போனில் அவர் சரி என்றால், மகன் பேசுவதாக நினைத்து அப்பாவைக் கூப்பிடச் சொல்கிறார்கள். வைஸ் பழைய இடத்தில் வேலை செய்கிறது. அதை முறுக்கும்போது மட்டும் அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. கைப்பிடியை விட்ட பிறகு கேட்கிறார்கள்.