வாசலில் முருங்கைக்கீரை

தேவானையின் கீழ் இமையைச் சாய்மா இழுத்துப் பார்த்தாள். சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. ஏழாம் மாதம், ரத்தம் ஆறு புள்ளிதான். இப்படியே பிரசவத்துக்குப் போனால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. அடையாற்றுக் கரையோரக் குடியிருப்பில் ஊட்டச்சத்து வகுப்பு எடுக்கிற சாய்மா, தொண்டைத் தண்ணீர் வற்ற முருங்கைக்கீரையின் பெருமையைப் பாடிவிட்டாள். தேவானை இன்றைக்குத் தலையாட்டுவாள்; நாளைக்கு வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும்.

"வாசல்லயே இவ்ளோ கீரை கிடக்குதே, யாரு வெச்சது?"

உருவி, பழுப்பு நீக்கி, காகிதத்தில் பக்குவமாக வைத்திருந்தது.

"அன்புச்செல்வி, டீச்சர். தெனம் காலைல வெச்சிட்டுப் போறா. நான் தூக்கி ஆத்துல போட்டுடுவேன்."

பக்கத்து வீட்டு அன்புச்செல்வி வகுப்பில் முன்னால் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னவள். போன ஆடியில் பிரசவத்தின்போது உடம்பில் ரத்தமில்லாமல் செத்துப்போனாள். எல்லாம் தெரிந்தவள் ஏன் போனாள் என்பது சாய்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"செத்தவ குட்த்தத துன்னா என்னியும் இட்டுகினு பூடுவா டீச்சர்."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. நான் முதல்ல சாப்பிடறேன், பாரு."

தேவானையின் அடுப்பிலேயே கீரையை வதக்கி, தட்டில் போட்டு, பிஸ்மில்லா சொல்லி ஒரு வாய் போட்டாள் சாய்மா. உப்பு போட மறந்திருந்தாள். ஆனால் உப்பு சரியாக இருந்தது.

தேவானையும் ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டாள். பிறகு கீரையைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய், இன்னொரு வாய். சாய்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாம் வாயோடு தேவானை நிமிர்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

"வந்து குந்திகினு கீறா டீச்சர்."

சுவரில் காலண்டர் மட்டும்தான் இருந்தது. சாய்மா இன்னொரு தட்டில் சோறும் கீரையும் வைத்து அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

"நீயும் சாப்பிடும்மா."

தேவானை காதுகொடுத்துக் கேட்டாள்.

"துன்ன மாட்டேங்கறா. நாம துன்னு முடிக்கணுமாம். உசுரோட இருந்தப்பவும் அப்டித்தான் டீச்சர். வூட்ல எல்லாரும் துன்னப்பறம் மிச்சம் இருந்தாதான் அவ துன்னுவா."

சாய்மா தன் தட்டை அவசர அவசரமாக வழித்து விழுங்கினாள்.

"சீக்கிரம் சாப்பிடு தேவானை" என்றாள். "அவ பசியோட இருக்கா."