மிச்சக் கரண்டு

முக்காலியால் ஓங்கித் தள்ளியபோதுதான் கொளஞ்சிநாதனின் கை ரேடியோவை விட்டது. ஆள் சுவரோரம் சாய்ந்தான். அப்போதும் பயம் தீராமல் பூர்ணிமா வாசலுக்கு ஓடி மெயினை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ஏங்க... ஏங்க..."

கன்னத்தைத் தட்டினாள். மார்பை அழுத்தினாள். திறந்திருந்த கண்கள் அவளைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே ஃபேன் வேகம் குறைந்து நிற்கப்போனது. அது சுற்ற ஆரம்பித்ததே இப்போதுதான்.

கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்காமலே உள்ளே கை விட்டிருக்கிறான். கரண்ட் கட்டு என்றால் மதியம் வரைக்கும் வராது என்று ஒரு தைரியம். அந்த வருஷம் ஊருக்கே அது பழகிப்போயிருந்தது. அன்றைக்கு மட்டும் சீக்கிரமே வந்துவிட்டது.

அந்த வால்வு ரேடியோ பூர்ணிமாவின் அப்பா வீட்டில் கிடந்தது. கருவேப்பிலங்குறிச்சிக்கு மறுவீடு போனபோது பரண் மேல் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, இத நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டவன் கொளஞ்சிதான். "எலி மூத்திரம் பேஞ்சு கெடக்குது மாப்ளே, அத போயி..." என்று அப்பா அர்ச்சுனன் கூச்சப்பட்டார். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

செராமிக் கம்பெனியில் அவனுக்குப் பொம்மைகளுக்குக் கண் எழுதும் வேலை. நடுங்காத கை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கை ரேடியோவுக்குள் இருக்கும். பூர்ணிமா டார்ச் பிடிப்பாள். பொம்மை கட்டும் வைக்கோலைக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து, கழற்றிய வால்வுகளை அதில் முட்டை மாதிரி அடுக்கி வைத்திருந்தான். பழைய கண்டென்சர்களைப் பிடுங்கிவிட்டுப் புதுசு போட்ட அன்றைக்கு அவளிடம் சொன்னான்: "இதுங்க கரண்ட குடிச்சி வச்சிக்கும். பிளக்கு புடுங்கினாலும் உள்ள இருக்கும். அத எறக்காம கைய வச்சியானா தூக்கி அடிச்சிடும்." ஸ்க்ரூ டிரைவரை வைத்து இறக்கிக் காட்டினான். பட்டென்று பொறி பறந்ததும் அவள் டார்ச்சைக் கீழே போட்டாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

போலீஸ் வந்து தெருவில் நாலு பேரை விசாரித்து, உடம்பை வேனில் ஏற்றி ஜிஎச்சுக்குக் கொண்டுபோனது. அறுத்துப் பார்த்துத்தான் கொடுப்பார்களாம்.

வேன் போன சற்று நேரத்தில் கம்மாபுரத்திலிருந்து மாமியார் பெரியம்மாளும், கொளஞ்சியின் அண்ணன் பழமலையும் வந்து சேர்ந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கும்போதே பெரியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"உங்கப்பன் வூட்டுச் சனியன கொண்டாந்து எம்புள்ளய வாரிக்குடுத்துட்டியேடி! அது எதுக்குடி எங்க வூட்டுக்கு?"

அவருதான் கேட்டு வாங்கினாரு அத்த. வாய்வரை வந்ததைப் பூர்ணிமா விழுங்கிக்கொண்டாள். பெரியம்மாள் மூட்டை மாதிரி தரையில் சரிந்து கிடந்தாள்.

பழமலை அழவில்லை. பூர்ணிமாவின் எதிரில் வந்து நின்றான்.

"மெயின போட்டது யாரு?"

"யாரும் போடல மாமா. கரண்டு தானா வந்துச்சி."

"கரண்ட் கட்டு நேரத்துல எப்படி வரும்?"

"வந்துச்சி மாமா. தெருவுக்கே வந்துச்சி."

"நீ அடுப்பங்கரையில இருந்தேன்னு போலீசுகிட்ட சொன்னியாம். இவன் உள்ள கைய வச்சிருந்தது ஒனக்குத் தெரியாதா?"

பக்கத்து வீட்டு அம்புஜவல்லி குறுக்கே வந்தாள். "என்னாங்க கேக்கறீங்க அந்தப் பொண்ண? எங்க வூட்டுலயும் அப்பதான் வந்துச்சி."

பழமலை அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று உள் அறைக்குப் போனான். பூர்ணிமா பின்னாலேயே போனாள். மேஜைமேல் ரேடியோவின் மரப்பெட்டி தனியாகவும், உள்ளே இருந்த இரும்புத் தட்டு தனியாகவும் கிடந்தன. பழமலை மரப்பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். வெளியே பெரியம்மாளின் அழுகை ஒரு கணம் நின்றது. பிறகு அவன் இரும்புத் தட்டின் பக்கம் திரும்பினான். அடியில் ஒரு கையைக் கொடுத்தான். இன்னொரு கை அந்தப் புதுக் கண்டென்சர்களை நோக்கிப் போனது.

பூர்ணிமா அந்தக் கையைப் பார்த்தாள்.

வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. ஒரு மூச்சு நேரம், யாரோ ஒருத்தர் வீட்டில் நடப்பதைப் பார்ப்பதுபோல நின்றாள். பழமலையின் விரல்கள் கொளஞ்சியின் விரல்களைப் போலவே நீளமாக இருந்தன.

"மாமா! கைய எடுங்க!"

அந்தக் கத்தலில் அவன் வெடுக்கென்று இரண்டு கைகளையும் இழுத்துக்கொண்டான்.

"மெயினுதான் எறக்கியிருக்கே? என்னா இப்ப?"

பூர்ணிமா மேஜைக்கு அடியில் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். பிளாஸ்டிக் பிடியின் கடைசியில் பிடித்து, கம்பியை இரும்புத் தட்டில் ஊன்றி, கண்டென்சரின் முனைமேல் சாய்த்தாள்.

பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். நீலப்பொறி ஒன்று பறந்தது. அறை வாசலில் நின்றிருந்த தெருப் பெண்கள் அலறிக்கொண்டு பின்வாங்கினார்கள். அடுத்த முனையிலும் வைத்தாள். இன்னொரு பொறி, கொஞ்சம் சின்னது. மறுபடியும் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"இப்ப ஒடைங்க மாமா," என்றாள்.

பழமலையின் முகம் வெளுத்திருந்தது. மேஜையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தெரிஞ்சிகிட்டே பாத்துகிட்டு நின்னியா?"

"சொல்லிட்டேன் இல்ல மாமா."

அவன் உடைந்த மரச் சில்லுகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்தான். சட்டைத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். பூர்ணிமா ஸ்க்ரூ டிரைவரை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். 

ஜிஎச்சிலிருந்து வெள்ளைத் துணி சுற்றி வந்த உடம்பை வெகுநேரம் வைத்திருக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்றார்கள். பழமலை தீச்சட்டி தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பறை சத்தம் மணிமுத்தாற்றுப் பக்கம் போய்த் தேயும்வரை பெண்கள் தெருமுனையில் நின்றிருந்துவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொள்ள அடிபம்புக்கு வந்தார்கள்.

பெரியம்மாள் பம்பின் வாய்க்கு நேராகக் கீழே உட்கார்ந்துவிட்டாள். யாரும் முன்னால் வரவில்லை. பூர்ணிமா போய்க் கைப்பிடியைப் பிடித்து அடித்தாள். முதலில் காற்று வந்தது. பிறகு தண்ணீர் குபுகுபுவென்று மாமியாரின் தலையில் விழுந்தது. பெரியம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பூர்ணிமா அடித்துக்கொண்டே இருந்தாள்.

"விடு, நீ போயி ஒக்காரு," என்று அம்புஜவல்லி வந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டாள்.

பூர்ணிமா ஈரச் சிமெண்டில் நின்றாள். பெரியம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. கொட்டும் தண்ணீருக்கடியில் உட்கார்ந்தபடியே கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.