மோரிஸ் மைனருக்கு நாலு குட்டை பிளக்

2004ஆம் வருஷம் ஆயுத பூஜையன்று காலை ஒன்பதே முக்காலுக்கு, சிட்லபாக்கத்தில், தன் சொந்த வீட்டுச் சந்தில், தன் சொந்தக் காருக்குள், தன் சொந்த மனைவியின் கண்ணெதிரே தோத்தாத்ரி சிறைப்பட்டார்.

கார் 1951 மாடல் மோரிஸ் மைனர். ஷெட் வீட்டுக்குப் பின்னால். அங்கிருந்து கேட்டுக்கு வர வேண்டுமானால், வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. காருக்கு அந்தப் பக்கம் மூன்று விரற்கடை, இந்தப் பக்கம் மூன்று விரற்கடை. கொஞ்சம் சாப்பாட்டுப் பிரியமுள்ள எறும்பானால் அதுகூட மாட்டிக்கொள்ளும். சந்தின் நட்ட நடுவில் வந்ததும் எஞ்சின் ஒரு தரம் இருமியது, ஒரு தரம் விக்கியது, அப்புறம் சமாதி ஆகிவிட்டது. கதவைத் திறக்க இடமில்லை.

போதாக்குறைக்கு, டிரைவர் சீட்டுக்கு நேரே சமையலறை ஜன்னல்.

கம்பிகளுக்குப் பின்னால் காமுவின் முகம் தோன்றியது.

"ஏன்னா, நின்னுடுத்தா?"

"சூடாறட்டும்னு நிறுத்தியிருக்கேன்."

"ஷெட்லேர்ந்து இருபதடி வந்ததுக்கா?"

கேட்டுக்கு வெளியே நாலு எலுமிச்சம்பழங்கள் காத்திருந்தன. போன மாதம் காமுவுடன் நடந்த ஒரு வாய்ச்சண்டையில் தோத்தாத்ரி சத்தியம் செய்துவிட்டார்: ஆயுத பூஜையன்று வண்டி தன் எஞ்சினிலேயே ஓடிவந்து பழத்தை நசுக்கும், நசுக்காவிட்டால் பத்து மாதமாக வண்டியைக் கேட்டுக்கொண்டிருக்கும் சேட்டிடம் மறுநாளே சாவியைக் கொடுத்துவிடுவதாக. சேட்டு அந்த வண்டியைத் தன் கல்யாண மண்டப வாசலில் நிறுத்தி, உள்ளே பூந்தொட்டி வைக்கப்போகிறாராம். 

எல்லாம் ஸ்பார்க் பிளக் செய்த வேலை. இந்த எஞ்சினுக்கு மரை நீளம் அரை அங்குலமே உள்ள குட்டை பிளக் வேண்டும். இப்போதைய கார்களுக்கு வருவது முக்கால் அங்குலம். மாட்டினால் உள்ளே வால்வில் போய் இடிக்கும். ஆறு மாதம் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளைச் சல்லடை போட்டுச் சலித்தார். "மியூசியத்துல கேட்டுப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டவர்கள் மட்டும் பதினேழு பேர். கடைசியில் பழைய நாலையும் உப்புத்தாளால் தேய்த்தார். தேய்த்த தேய்ப்பில் அவை பாதியாக இளைத்துப்போயின.

மூலைக்கடை மெக்கானிக் துலுக்காணம் புதுச் சட்டையும் நெற்றி நிறையச் சந்தனமுமாக வந்து, கேட்டுப் பக்கமாக நின்று பானெட்டைத் திறந்தான்.

"இன்னா சார், பிளக்கு உள்ள பொரி உருண்டைய வுட்டு ஒட்டிக்கினு கீற மாதிரி கரி புட்ச்சிருக்கும்!"

"கழட்டித் துடைப்பா."

"எத்த வச்சி? நம்ம ஸ்பேனரெல்லாம் பூஜைல கீது சார். நாளைக்குத்தான் எடுக்கணும். இன்னிக்குத் தொட்டேன், வூட்ல சோறு கெடையாது."

தோத்தாத்ரியின் ஸ்பேனர்களும் சரஸ்வதி படத்துக்கு முன்னால், குங்குமம் வைத்துக்கொண்டு கொலுவிருந்தன. அவர் கெஞ்சும் பார்வையுடன் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"மூச்! கையை வெக்கப்படாது," என்றாள் காமு. கம்பி வழியாக ஒரு கரண்டி சுண்டலை நீட்டினாள். வாங்கித்தான் தின்றார். வேறு போக்கு?

"தள்ளிடலாமா சார்?" என்றான் துலுக்காணம்.

"பேஷா தள்ளலாமே!" என்று கேட்டிலிருந்து ஒரு குரல். எதிர்வீட்டு ஸ்ரீரங்கன். "போன வருஷம் என் ஸ்கூட்டர் கிளம்பலை. பூஜை போட்ட வண்டியைத் தள்ளினா வருஷம் பூராவும் தள்ளணும்னு சாஸ்திரம் சொன்னது யார் ஓய்? நான் நம்பி, குடும்பத்தோட பஸ்ஸுல போனேன்!"

அந்தச் சாஸ்திரத்தைப் போன வருஷம் அதே நாள் காலையில் தோசை சாப்பிடும்போதுதான் தோத்தாத்ரி இயற்றியிருந்தார். இப்போது அது நாலு வேதத்தைவிடக் கனமாக அவர் தலைமேல் உட்கார்ந்தது.

பதினொன்றாயிற்று. வெயில் கூரைத் தகட்டில் விழுந்து, உள்ளே அவர் இட்லியாக வெந்தார். மணிக்கு நாலு கிலோ கரைந்தார். ஜன்னலில் காமு வெண்டைக்காய் நறுக்கியபடி, கல்யாணமான நாள் முதல் அவர் செய்த தப்புகளை வரிசைக்கிரமமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுந்துபோக வழியில்லாத ஒரு கேட்பாளர் அவளுக்கு முப்பத்தைந்து வருஷத்தில் முதல்முறையாகக் கிடைத்திருந்தார்.

எழுபத்தெட்டாம் வருஷத்துத் தீபாவளியை அவள் எட்டியபோது, துலுக்காணம் ஸ்ரீரங்கனின் ஸ்கூட்டர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எதையோ முறைத்துக்கொண்டிருந்தான். திடீரென்று துள்ளி எழுந்தான்.

"சார்! இது குட்டை பிளக்கு சார்! அதே மரை, அதே அரை இஞ்சி! ஸ்கூட்டர் டிக்கில பிளக் ஸ்பேனரும் கீது. அத்த யாரும் பூஜைல வெக்கல!"

மோரிஸுக்கு நாலு பிளக். தெருவில் ஸ்கூட்டர் சரியாக நாலு.

"என் பிளக்கையா?" ஸ்ரீரங்கன் பின்வாங்கினார்.

தோத்தாத்ரி சுவரையும் ஜன்னலையும் சாட்சியாக வைத்துக்கொண்டு கைகூப்பினார். "ஓய் ஸ்ரீரங்கன், பூந்தொட்டி வெக்கப்போறான் ஓய், உள்ளே."

ஸ்ரீரங்கன் ஒரு நிமிஷம் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு டிக்கியைத் திறந்தார். மற்ற மூவரையும் அவரே போய்ப் பேசி அழைத்துவந்தார்.

பிளக்குகள் ஏறின. தோத்தாத்ரி செல்ஃபை இழுத்தார். பாட்டரி முனகியது. இன்னொரு தரம். மூன்றாம் தரம், சுத்தமான, வட்டமான, இருபது வருஷமாகக் கேட்காத சத்தத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தாம்பரம் ஸ்டேஷனில் நின்ற ரயில் கார்டின் விசில் என்று நினைத்துக் கிளம்பியிருக்கும். மோரிஸ் சந்தை விட்டு வெளியே வந்து, நாலு பழத்தையும் சட்னியாக்கியது. காமுவே கை தட்டினாள். சேட்டுக்கு இனி சாவி கிடையாது.

அவர் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார்.

"எங்கே இறங்கறீர்?" என்றார் ஸ்ரீரங்கன். "அஸ்தினாபுரத்துல மச்சினி ஆத்துக் கொலு. எங்க பிளக்கெல்லாம் உம்ம வண்டியில இருக்கு. இன்னிக்குக் கடை இல்லை, நாளைக்கு விஜயதசமி, நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

பட்டுப்புடவைகளும் குழந்தைகளுமாக நாலு குடும்பம் கேட்டில் நின்றது.

"எஞ்சின நிறுத்திடாதீங்க சார்," என்றான் துலுக்காணம். "பாட்டரி பூட்ச்சி. திரும்பக் கிளம்பாது."

தோத்தாத்ரி காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அஸ்தினாபுரத்தில் எல்லாரும் கொலு பார்க்கப் போனார்கள். அவர் ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்தபடி வாசலில் இருந்தார். கீழ்க்கட்டளையிலும் அப்படியே. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் வந்து, ஜன்னல் வழியாக அவர் வாயருகே ஒரு கரண்டி சுண்டலை நீட்டினார். எஞ்சின் மட்டும் என்னமாய் ஓடிற்று!