ஒட்டுப்போட்ட மூச்சு

மாளவிகாவைப் பற்றிச் செண்பகத்துக்குத் தெரியாதது எதுவுமில்லை. எந்த மாதம் வியன்னாவில் பாடினாள், மிலானில் எத்தனை நிமிஷம் எழுந்து நின்று கைதட்டினார்கள், எந்தப் பத்திரிகை அவளை இந்தத் தலைமுறையின் தலைசிறந்த சோப்ரானோ, அதாவது உச்சக்குரல் ஆப்ரா பாடகி, என்று எழுதியது, எல்லாம் விரல்நுனியில். பெற்ற தாய்க்குக்கூட இவ்வளவு தெரிந்திருக்காது. தாய்க்கு வேறு வேலைகள் இருக்கும். வயிற்றெரிச்சலுக்கு ஏது வேறு வேலை?

செண்பகம் இருக்கும் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து தி.நகர் ஸ்டூடியோவுக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அந்த நேரம் முழுக்கப் போனில் மாளவிகாதான். ஒருமுறை மூன்று மணி நேர ஆப்ரா இசைநாடகம் ஒன்றை, பாஷை ஒரு எழுத்துப் புரியாமல், நின்றபடியே இரண்டு பயணத்தில் கேட்டு முடித்தாள். எங்கேயாவது சுருதி நழுவுகிறதா என்று பார்க்கத்தான். கடைசி அரைமணியில் ஒரே ஒரு இடத்தில் மயிரிழை இறங்கியது. அந்த வாரம் முழுக்கச் செண்பகம் புருஷனிடம் சிரித்துச் சிரித்துப் பேசினாள்.

இருவரும் சாந்தோமில் ஒரே கான்வென்ட்டில் படித்து, ஒரே பாடகர் குழுவில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். மாளவிகா வீடும் அடையாறு, செண்பகம் வீடும் அடையாறு. அவளுக்கு அது ஏரியா, இவளுக்கு ஆறு, கரையோரக் குடிசை. பன்னிரண்டாவது முடிந்ததும் மாளவிகாவை அவள் அப்பா லண்டனுக்குப் படிக்க அனுப்பினார். செண்பகத்தின் அப்பா பொன்னுரங்கம் சினிமாவில் லைட்மேன். அவர் மகளை வடபழனி ஸ்டூடியோவுக்குக் கோரஸ் பாடக் கூட்டிப்போனார். அவரால் முடிந்த லண்டன் அதுதான்.

கோரஸிலிருந்து டிராக் பாடகி ஆனாள். பெரிய பாடகி வருவதற்கு முன்னால் பாட்டை முழுசாகப் பாடி வைப்பதுதான் டிராக். பெரியவர் வந்து அதை ஹெட்ஃபோனில் கேட்டுக் கற்றுக்கொண்டு பாடுவார். அதோடு இவள் குரலை அழித்துவிடுவார்கள். இருபது வருஷத்தில் செண்பகம் பாடாத ஹிட் பாட்டு இல்லை. அவள் குரல் இருக்கிற பாட்டு ஒன்றுகூட இல்லை.

இசையமைப்பாளர் ஆனந்தகுமாரின் புதுப் படத்தில் ஆப்ரா பாணியில் ஒரு பாட்டு. மாளவிகாவைத்தான் கேட்டிருந்தார்கள். அம்மாவைப் பார்க்க டிசம்பரில் சென்னை வருவாளாம், தேதி நிச்சயமில்லையாம். அவள் வராவிட்டாலோ, ஏதாவது ஒரு இடம் அவளுக்குச் சரிப்படாவிட்டாலோ செண்பகத்தின் குரலையே வைத்துக்கொண்டு பேரும் போடுவதாக ஆனந்தகுமார் போகிறபோக்கில் சொன்னார். அவருக்கு அது சும்மா ஒரு பேச்சு. செண்பகமோ அன்றிலிருந்து மாளவிகாவுக்குத் தொண்டை கட்ட வேண்டும் என்று போகிற வழியில் இருந்த கோயில்களுக்கெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

ஒரு சாமியும் காது கொடுக்கவில்லை. டிராக் பாடப் போன அன்றே, மாளவிகா வியாழக்கிழமை வருகிறாள் என்று ஸ்டூடியோவில் சொன்னார்கள்.

பாட்டின் நடுவில் வார்த்தையில்லாமல் 'ஆ' என்று ஏறிக்கொண்டே போகிற ஒரு ஆகாரம். முப்பது விநாடி. கீபோர்டில் வாசித்துப் போட்ட மெட்டு, கீபோர்டுக்கு நுரையீரல் கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் எங்கே மூச்சு எடுக்கலாம் என்று டிராக் பாடுகிறவள்தான் எடுத்துக் காட்ட வேண்டும். பெரிய பாடகி அதே இடத்தில் எடுத்துக்கொள்வாள். யாரும் எழுதிவைக்காத தர்மம் அது. செண்பகம் அன்றைக்கு அதை மீறினாள். முதல் பாதியைத் தனியாக, இரண்டாம் பாதியைத் தனியாகப் பாடிவிட்டு, நடுவில் மூச்சுச் சத்தமே இல்லாமல் ஒட்டித்தரச் சொன்னாள்.

கன்சோலில் உட்கார்ந்திருந்த ஷரஃபுதீனுக்கு அது பிடிக்கவில்லை. அவளை அவள் கோரஸ் காலத்திலிருந்து அறிந்த சவுண்ட் இன்ஜினியர்.

"இன்னாத்துக்கும்மா? நீ மூச்சு எட்த்தாத்தானே அந்தம்மாவும் அங்க எட்த்துக்கும்?"

"சாருக்குக் கேக்கசொல்ல நீட்டா இருக்கும் பாய். ஒட்டுங்க."

ஒட்டினார். கேட்டால் ஒரே மூச்சுதான். செண்பகமே ஒரு கணம் நம்பிவிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மாளவிகா வந்தாள். தன்னை அவளுக்கு அடையாளம் தெரியாது, அதை வைத்து இன்னும் பத்து வருஷம் எரியலாம் என்று செண்பகம் தயாராக இருந்தாள். அந்தக் கொடுப்பினையும் இல்லை. வாசலிலேயே "செண்பா" என்று கட்டிக்கொண்டாள். பிறகு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போய், செண்பகத்தின் டிராக்கை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தாள். செண்பகம் காதைத் தீட்டிக்கொண்டு குறை தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. இப்படிப் பாடுகிறவளை யார்தான் மன்னிக்க முடியும்?

ஆகாரம் வந்தது. முக்கால்வாசியில் மாளவிகாவின் குரல் நின்றது. சிரித்துக்கொண்டே மறுபடி பாடினாள், மறுபடி நின்றது. மூன்றாவது தடவை முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, அதே இடத்தில் அறுந்தது. செண்பகத்துக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. தன் கல்யாணத்தன்றுகூட அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டிருக்கலாம், அதுவும் படவில்லை.

நடுவில் மூச்சு எடுத்துக்கொள்ளலாம், ஒன்றும் கெட்டுப்போகாது என்றார் ஆனந்தகுமார். மாளவிகா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள்.

"வேண்டாம் சார். அந்த இடத்துல செண்பா குரலே இருக்கட்டும். அவ பேரும் போட்ருங்க."

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. இருபது வருஷம் கேட்டுக் கிடைக்காதது சோபாவில் உட்கார்ந்தபடியே கிடைத்தது. மாளவிகா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஸ்கூல்லயே உன் பக்கத்துல நிக்க எனக்குப் பிடிக்காதுடி. எனக்கு மூச்சு முடிஞ்சப்புறமும் நீ பாட்டுக்கு பாடிட்டே இருப்ப. இப்பவும் எந்த மேடை ஏறினாலும், செண்பா இதை எப்படிப் பாடியிருப்பான்னு வயிறு எரியும். எல்லாரும் கைதட்டுவாங்க. எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள நீ நின்னுட்டிருப்ப."

வியன்னாவில், மிலானில், அந்தப் பெரிய பெரிய மேடைகளில் எல்லாம் தானும் நின்றிருக்கிறோம் என்று செண்பகத்திடம் ஒருவரும் சொன்னதில்லை. கேட்கக் கேட்க இனித்தது.

"எனக்காக ஒரே ஒரு தடவை பாடிக் காட்டேன். மூச்சை எங்க வெச்சிருக்கன்னு பாக்கணும்" என்றாள் மாளவிகா.

ஷரஃபுதீன் சட்டென்று, மைக்கைக் கழற்றிவிட்டதாகவும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மைக் எதற்கு, சும்மா பாடட்டும் என்றார் ஆனந்தகுமார். தொண்டை சரியில்லை என்று செண்பகம் சொல்லியிருக்கலாம். யாரும் வற்புறுத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் உலகமே கொண்டாடுகிற ஒருத்தி தன்னைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள் என்று கேட்ட பிறகு, தன்னால் முடியாதது ஒன்று உண்டு என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஒட்டுப்போட்டதே மறந்துவிட்டது. எழுந்து நின்று, நெஞ்சு நிறைய இழுத்து, பாடினாள்.

பாதிகூடத் தாண்டவில்லை. குரல் உடைந்து, இருமல் வந்து, கண்ணில் நீர் முட்டியது.

மாளவிகா ஷரஃபுதீனைப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டிராக் ஒட்டுப்போட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. திட்டப்போகிறாள் என்று செண்பகம் காத்திருந்தாள், திட்டினால் தேவலை என்றிருந்தது. மாளவிகா திட்டவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள், முதுகைத் தடவிவிட்டாள். அவள் முகத்தில் இறுகியிருந்த ஏதோ ஒன்று தளர்ந்து, பத்து வயசு குறைந்தது போலத் தெரிந்தாள்.

"பரவால்லடி, ஸ்கூல் காலம் வேற" என்று சொல்லிவிட்டு ஆனந்தகுமாரிடம் திரும்பி, நடுவில் மூச்சு எடுத்தே பாடிவிடுவதாகச் சொன்னாள். உள்ளே போனாள். ஒரே டேக்கில் முடித்தாள். மூச்சு எடுத்த இடம்கூட அழகாகத்தான் இருந்தது.

அம்மா காத்திருப்பதாகச் சொல்லி எல்லோரிடமும் விடைபெற்றாள். செண்பகத்தின் கன்னத்தைப் பிரியமாகத் தட்டிவிட்டு, அந்த ஆகாரத்தைக் கவலையில்லாமல் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினாள். சத்தம் கேட்காமல் போகும்வரை செண்பகம் நின்றாள். பாட்டு போனதோ பேர் போனதோ அவளுக்கு அப்போது உறைக்கவே இல்லை. தன்மேல் பொறாமைப்பட இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தாள். இனி அவளும் இல்லை.